இன்ஜினை மாற்றினால் வண்டி சரியாகிவிடுமா?

சுந்தரபாண்டியத்திலிருந்து ஒரு வாசகர் கேள்வி–பதில் பகுதிக்கு எழுதியிருந்தார். ‘அப்பா காலத்து பெட்ரோல் அம்பாசிடர், 1986 மாடல், வீட்டில் நிற்கிறது. கொஞ்ச தூரம் ஓட்டினாலே சூடாகிறது. வழியில் நின்றுவிடுகிறது. ஆயில் ஒழுகுகிறது. வேனிலிருந்து கழற்றிய டீசல் இன்ஜின் ஒன்று இருக்கிறது, எண்பதாயிரத்தில் மாட்டித் தருகிறேன், தோட்டத்துக்கும் வீட்டுக்கும் ஆகும் என்கிறார் மெக்கானிக். செய்யலாமா? கிணறு ஆழப்படுத்த வைத்திருக்கும் பணம்தான் கையில் இருக்கிறது.’

நமக்கு வரும் கடிதங்களில் பெரும்பாலும் தென்னையில் குரும்பை உதிர்வதும் நெல்லில் புகையானும்தான் இருக்கும். இது பயிர்க் கேள்வி இல்லை என்று ஒதுக்கியிருக்கலாம். ஆனால் கடைசி வரியைப் பாருங்கள். கிணற்றுப் பணம் காருக்குள் போகப் போகிறது. அப்படிப் பார்த்தால் இதுவும் விவசாயக் கேள்விதான். இதே யோசனையோடு இருக்கும் இன்னும் பலரை வத்திராயிருப்பு, கிருஷ்ணன்கோவில் பக்கம் எனக்குத் தெரியும். அதனால் நாலு வரியில் முடிக்காமல் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேண்டாம். இவர் சொல்லும் மூன்று கோளாறில் ஒன்றுகூட இன்ஜினை மாற்றினால்தான் தீரும் என்ற வகை இல்லை. இன்ஜினை மாற்றினால் கோளாறு போகாது, இடம் மாறும்.

பழைய இன்ஜின் என்றால் மோசமான இன்ஜினா?

அம்பாசிடர் பிறப்பால் இங்கிலாந்து வண்டி. அங்கே மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் சீரிஸ் என்று விற்றதை, 1950-களின் கடைசியில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் அம்பாசிடராகச் செய்ய ஆரம்பித்தது. 2014 மே மாதம்வரை அங்கே வண்டி வந்துகொண்டிருந்தது. அதன் வாழ்நாளில் பெரும்பகுதி அதற்குள் இருந்தது 1489 சிசி, பி.எம்.சி. ‘பி’ சீரிஸ் பெட்ரோல் இன்ஜின். இதே இன்ஜினைத்தான் 1955-இல் இங்கிலாந்தில் எம்.ஜி.ஏ. என்ற ஸ்போர்ட்ஸ் காரிலும் வைத்தார்கள். ஆகவே இது ஒன்றுக்கும் உதவாத இன்ஜின் இல்லை.

ஆனால் அதற்கென்று சில குணங்கள் உண்டு. கிராங்குக்கு மூன்று பேரிங்தான். பின்பக்கத்தில் ஆயில் வெளியே வராமல் தடுக்க, இன்றைய வண்டிகளில் இருப்பது போன்ற ரப்பர் சீல் கிடையாது. திருகாணி மரை போல வெட்டிய ஒரு பாகம், சுற்றும்போது ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். புதிதாக இருக்கும்போதே அது ஒன்றிரண்டு சொட்டு விடும். நின்ற இடத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஆயில் கறை என்றால் அது வண்டியின் சுபாவம். வாரத்துக்கு அரை லிட்டர் குறைந்தால் அது நோய். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

கம்பெனியே மாற்றியபோது என்ன செய்தார்கள்?

இன்ஜின் மாற்றம் தப்பு என்று நான் சொல்லவில்லை. வண்டி செய்த கம்பெனியே மாற்றியிருக்கிறது. எப்படி மாற்றினார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

1980-களின் நடுவில் கான்டெஸா வந்தது நினைவிருக்கும். நீளமான, கம்பீரமான வண்டி. அதன் பாடி இங்கிலாந்தின் வாக்ஸ்ஹால் விக்டருடையது. உள்ளே வைத்ததோ அம்பாசிடரின் அதே 1489 சிசி இன்ஜின். பெரிய உடம்பு, சின்ன இன்ஜின். ஏற்றத்தில் திணறியது. பிறகு ஜப்பானின் இசுசு 1.8 லிட்டர் இன்ஜினை வைத்தார்கள். அப்போது இன்ஜினை மட்டும் வைக்கவில்லை; அதற்கு ஏற்ற ஐந்து கியர் பெட்டியையும் சேர்த்தே வைத்தார்கள். வண்டி வேறு வண்டியானது. 1990-களின் ஆரம்பத்தில் அம்பாசிடருக்கும் அதே இசுசு இன்ஜின் வந்தபோது, ஸ்டியரிங் பக்கத்தில் இருந்த கியர் கம்பி கீழே தரைக்கு வந்தது. நாலு கியர் ஐந்தானது.

இன்ஜின், கிளட்ச், கியர்பாக்ஸ், பின் ஆக்சில், ரேடியேட்டர், பிரேக் ஆகிய ஆறும் ஒரு குடும்பம். ஒருவரை மட்டும் மாற்றிவிட்டு மற்ற ஐந்து பேரையும் பழையபடி இருக்கச் சொன்னால் இருக்க மாட்டார்கள்.

இது நமக்குப் புதிதில்லை. 5 எச்.பி. மோட்டாரில் தண்ணீர் குறைகிறது என்று 7.5 எச்.பி. மாட்டுகிறோம். பைப் அதே பைப். கிணற்று ஊற்றும் அதே ஊற்று. மோட்டார் ஒரு மணி நேரத்தில் கிணற்றை வற்ற வைத்துவிட்டு வெறும் காற்றை இழுக்கிறது. காயில் எரிகிறது. குறை மோட்டாரில் இருந்ததா, ஊற்றில் இருந்ததா? இந்தக் கேள்வியைக் கிணற்று மேட்டில் நின்று நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன்.

டிராக்டரில் ஜெயித்தது, காரில் தோற்றது

இதற்கு நம் தமிழ்நாட்டிலேயே ஒரு பெரிய பாடம் இருக்கிறது. சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூர் அருகே ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் செய்தவர்கள். 1985-இல் அவர்கள் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்று ஒரு காரைக் கொண்டுவந்தார்கள். பாடி இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1. அங்கே 1977-ஆம் ஆண்டின் சிறந்த ஐரோப்பியக் கார் என்று பரிசு வாங்கிய வண்டி, 3.5 லிட்டர் எட்டு சிலிண்டர் இன்ஜின்வரை வைத்து ஓட்டியது. அந்தப் பாடிக்குள் இங்கே வைத்தது சுமார் 2 லிட்டர் பழைய ஸ்டாண்டர்டு வான்கார்டு வம்சத்து இன்ஜினைத் திருத்தி. அதன் வேர் 1940-களில் இருந்தது.

அந்த இன்ஜின் வம்சம் நமக்கு அந்நியமில்லை. இங்கிலாந்தில் கவென்ட்ரி நகரில் 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்ட சாம்பல் நிற பெர்குசன் டி.இ.20 டிராக்டரில் பெரும்பாலானவற்றுக்கு இதே வம்சத்து இன்ஜின்தான். நாம் இன்று ஓட்டும் மாஸி பெர்குசனின் முன்னோர் அந்த டிராக்டர். லைனரைச் சுற்றித் தண்ணீர் நேரடியாக ஓடும் அமைப்பு. தேய்ந்தால் லைனரையும் பிஸ்டனையும் மாற்றிவிட்டு மறுபடி ஓட்டலாம். வயலில் அது தெய்வம்.

டிராக்டரில் அதன் வேலை என்ன? நிமிடத்துக்கு 2,000 சுற்றை ஒட்டி, ஒரே சீராக, மெதுவாக இழுப்பது. காரில் என்ன வேலை? கனமான பெரிய வண்டியை நெடுஞ்சாலையில் வேகமாகக் கொண்டுபோவது, நிறுத்துவது, மறுபடி கிளப்புவது. பணம் கொடுத்து வாங்கியவர்கள் ரோவரின் ஓட்டத்தை எதிர்பார்த்தார்கள். கிடைத்தது மந்தமான ஓட்டமும் அதிகப் பெட்ரோல் செலவும். சந்தையிலோ அதற்குள் மாருதி வந்துவிட்டது. 1988-இல் ஸ்டாண்டர்டு 2000 நின்றது. அதன் பிறகு அந்தத் தொழிற்சாலையிலிருந்து கார் வரவில்லை.

பாடி நல்ல பாடி. இன்ஜின் நல்ல இன்ஜின். இரண்டுக்கும் பொருத்தம் இல்லை. நல்ல ரகத்தைப் பொருந்தாத மண்ணில் நட்டால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது.

பொருத்தம் இருந்தால் பழைய வண்டி எதையும் தாங்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. அந்த பெர்குசன் டிராக்டரில் மண்ணெண்ணெய் வகை எண்ணெயில் ஓடுவதற்கென்றே ஒரு மாடல் இருந்தது. பெட்ரோலில் கிளப்பி, சூடான பிறகு எண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நம் பழைய மண்ணெண்ணெய் பம்ப்செட் மாதிரியே. 1990-க்குப் பிறகு பொருளாதாரத் தடையில் பெட்ரோல் இல்லாமல் போன யாழ்ப்பாணத்தில், மக்கள் தங்கள் பழைய ஆஸ்டின், மோரிஸ் மைனர் கார்களை இதே முறையில்தான் ஓட்டினார்கள். சில சொட்டுப் பெட்ரோல் விட்டுக் கிளப்பி, பிறகு மண்ணெண்ணெய். அந்த இன்ஜின்களின் அழுத்தம் குறைவு என்பதால் அது முடிந்தது. அதற்கும் விலை உண்டு. எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி இன்ஜின் ஆயிலை நீர்த்துப்போகச் செய்யும். ஆயிலை அடிக்கடி மாற்றாவிட்டால் பேரிங் போய்விடும். ஒரு இடத்தில் மாற்றினால் இன்னொரு இடத்தில் கவனிக்க வேண்டும் என்ற கணக்கு அங்கேயும் தப்பவில்லை.

புளியரை இறக்கத்தில் தெரிந்த கோளாறு

எங்கள் பகுதியில் ஒரு தென்னை விவசாயி. எனக்கு நீண்ட நாள் பழக்கம். அவருடையது 1990-களில் வாங்கிய, பிரேக் பூஸ்டர் உள்ள பெட்ரோல் அம்பாசிடர். அதில் வேனிலிருந்து எடுத்த டீசல் இன்ஜினை மாட்டினார். முதல் மாதம் பார்த்தவரிடமெல்லாம் பெருமையாகச் சொன்னார்: “சார், லிட்டருக்கு ரெண்டு பங்கு ஓடுது. ஏசி பஸ் மாதிரி இழுக்குது.”

மூன்றாம் மாதம் கிளட்ச் பிளேட் போனது. பெட்ரோல் இன்ஜினுக்குச் செய்த பிளேட். டீசலின் இழுவை அதற்கு அதிகம். பிறகு ஜாயின்ட் ஷாப்ட்டின் கிராஸ் உடைந்தது. அதை மாற்றியதும் சுமை பின்னால் போய், கிரவுன் பினியன் ஊளையிட ஆரம்பித்தது. இன்ஜின் கனம் கூடியதால் முன்பக்கம் தாழ்ந்து டயர் ஒரு ஓரமாகத் தேய்ந்தது. ரேடியேட்டர் பழையது, போதவில்லை. எழுபதில் போனாலே இன்ஜின் கத்தியது. டீசல் இன்ஜின் குறைந்த சுற்றில் வேலை செய்வது. பின் ஆக்சிலின் பல் கணக்கோ பெட்ரோல் இன்ஜினின் அதிகச் சுற்றுக்கு வைத்தது.

இதெல்லாம் பணத்தோடு போகிற கோளாறுகள். போகாத ஒன்று இருந்தது.

அந்த வருடம் மாலை போட்டு ஆறு பேர் சபரிமலை போனார்கள். அச்சன்கோவில், ஆரியங்காவு பார்த்துவிட்டுத் திரும்பும்போது புளியரை இறக்கத்தில் பிரேக் பெடல் கல் மாதிரி இறுகிவிட்டது. இரண்டு காலையும் வைத்து மிதித்தும் வண்டி நிற்கவில்லை. இரண்டாம் கியருக்கு வலுக்கட்டாயமாகத் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து மண்மேட்டில் உரசி நிறுத்தினார். யாருக்கும் அடி இல்லை. மற்ற பக்கம் பள்ளம்.

வந்த பிறகு என்னிடம் சொன்னார். “அண்ணாச்சி, பூஸ்டருக்கு காத்து எங்கிருந்து வருது?” என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. மாட்டிய மெக்கானிக்கும் யோசிக்கவில்லை.

பெட்ரோல் இன்ஜின் காற்றை உறிஞ்சும்போது அதன் மேனிஃபோல்டில் ஒரு வெற்றிடம் உண்டாகும். அந்த உறிஞ்சல்தான் ஒரு ஹோஸ் வழியாகப் போய் பூஸ்டரை இயக்கி, நம் காலின் பலத்தைப் பெருக்குகிறது. டீசல் இன்ஜினில் அந்த வெற்றிடம் கிடையாது. அதனால் டீசல் வண்டியில் தனியாக ஒரு வேக்கம் பம்ப் இருக்கும். பெரும்பாலும் ஆல்டர்னேட்டரின் முதுகில் உட்கார்ந்திருக்கும். இவர் வண்டியில் வேன் இன்ஜினை வைத்தவர்கள், இடம் போதவில்லை என்று வேனின் ஆல்டர்னேட்டரை விட்டுவிட்டு, காரின் பழைய ஆல்டர்னேட்டரையே மாட்டிவிட்டார்கள். அதோடு வேக்கம் பம்பும் போனது. ஹோஸ் சும்மா தொங்கியது. பத்து மாதமாக அவர் பூஸ்டர் இல்லாமலே ஓட்டியிருக்கிறார். சமவெளியில் ‘பிரேக் கொஞ்சம் டைட்டு’ என்று நினைத்துக்கொண்டார். ஆறு பேர் பாரம், நீண்ட இறக்கம், சூடேறிய டிரம் மூன்றும் சேர்ந்தபோதுதான் விஷயம் தெரிந்தது. போதாக்குறைக்கு, ஆக்சிலரேட்டரை விட்டால் பெட்ரோல் இன்ஜின் வண்டியைப் பிடித்து நிறுத்துகிற அளவுக்கு டீசல் இன்ஜின் பிடிக்காது.

இன்ஜின் மாற்றிய வண்டி வைத்திருப்பவர்கள் இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். இன்ஜினை நிறுத்தி பிரேக்கை நாலைந்து முறை மிதியுங்கள். பெடல் இறுகும். மிதித்தபடியே இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. இறங்காவிட்டால் வண்டியை எடுக்காதீர்கள்.

எண்பதாயிரத்துக்குப் பதில் என்ன செய்யலாம்?

இனி வாசகரின் மூன்று கோளாறுகளுக்கு வருவோம்.

சூடாவது. முதலில் ரேடியேட்டரில் என்ன தண்ணீர் ஊற்றுகிறீர்கள் என்று பாருங்கள். நம் ஊர்களில் நிறைய கிணறும் போரும் உப்புத் தண்ணீர். சொட்டுநீர்க் குழாயின் துளையை அடைக்கும் அதே வெள்ளைப் படிவு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் இன்ஜினின் தண்ணீர்ப் பாதையையும் அடைக்கும். படிவு ஒரு போர்வை மாதிரி. சூட்டை வெளியே விடாது. பழைய கார்களின் சூட்டு நோயில் பாதி, இன்ஜின் நோய் அல்ல; தண்ணீர் நோய். ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பெடுக்கும் கடையில் கொடுங்கள். தெர்மோஸ்டாட், ஃபேன் பெல்ட், வாட்டர் பம்ப் மூன்றையும் பாருங்கள். பிறகு மழைநீரோ பேட்டரித் தண்ணீரோ கூலன்ட் சேர்த்து ஊற்றுங்கள். கிணற்றுத் தண்ணீர் வேண்டாம். ரேடியேட்டர் சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது.

வழியில் நிற்பது. சூட்டில் நின்று, அரை மணி நேரம் ஆறினால் தானாகக் கிளம்புகிறதா? அப்படியானால் பெட்ரோல் பைப்பிலேயே ஆவியாகி அடைக்கிறது. பழைய டிரைவர்கள் பெட்ரோல் பம்பின் மேல் ஈரத்துணி போட்டது இதற்குத்தான். பைப்பை சைலன்சர் மேனிஃபோல்டிலிருந்து தள்ளிக் கொண்டுபோய், இடையில் ஒரு தகடு வைத்தாலே பெரும்பாலும் தீரும். இன்னொன்று புதிதாகச் சேர்ந்திருக்கிறது. இப்போது பங்க்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம்வரை எத்தனால். நம் கரும்பிலும் மக்காச்சோளத்திலும் இருந்து வருவதுதான். பழைய ரப்பர் ஹோஸையும் பம்பின் டயாஃப்ரத்தையும் அது ஊற வைத்து இளக்கிவிடும். நாள் கணக்கில் நிற்கும் வண்டியின் டேங்கில் ஈரத்தையும் இழுத்துவைக்கும். எத்தனால் தாங்கும் ஹோஸாக மாற்றுங்கள். டேங்கை ஒருமுறை கழுவுங்கள்.

ஆறிய பிறகும் கிளம்பாவிட்டால் கரண்டைப் பாருங்கள். பிளாட்டினம் பாயின்ட், கன்டன்சர், காயில், பாடியோடு சேரும் எர்த் வயர். எர்த் வயரின் துருவைச் சுரண்டிவிட்டு இறுக்கியதோடு சரியான வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆயில் ஒழுகுவது. முதலில் எங்கிருந்து என்று துடைத்துப் பாருங்கள். மேல் மூடி கேஸ்கட், பக்க மூடி, சம்ப் கேஸ்கட் என்றால் சில நூறு ரூபாய் வேலை. நீலப் புகையும் வந்தால் ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் அளக்கச் சொல்லுங்கள். நாலும் ஏறக்குறைய சமமாக இருந்தால் இன்ஜினைத் தொட வேண்டாம். குறைந்திருந்தால் லேத்தில் போர் அடித்து ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம். இந்த இன்ஜினுக்கு 20, 40, 60 என்று அளவுகள் உண்டு. சாமான் மதுரையிலோ சென்னை புதுப்பேட்டையிலோ தேடினால் கிடைக்கும். அதற்குப் பிறகும் அதே இன்ஜின், அதே கியர்பாக்ஸ், அதே பிரேக். குடும்பம் கலையாது.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் செய்யுங்கள். ஒன்றைச் செய்து ஒரு வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். உரமும் மருந்தும் ஒரே நாளில் கலந்து அடித்துவிட்டு எதனால் பயிர் தேறியது என்று தெரியாமல் நிற்பது போல ஆகிவிடக் கூடாது.

ஆர்.சி. புக்கில் என்ன இருக்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. வேறு எரிபொருளுக்கு மாற வேண்டுமானால் அனுமதிக்கப்பட்ட கிட் வைத்து, விதிப்படி செய்ய வேண்டும். ஆர்.சி. புக்கில் இன்ஜின் நம்பர், எரிபொருள் இரண்டும் எழுதியிருக்கிறது. பெட்ரோல் என்று எழுதிய வண்டியில் டீசல் இன்ஜின் இருந்தால், 15 வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப் போகும்போது மாட்டிக்கொள்வீர்கள். அதைவிட முக்கியம் இன்ஷூரன்ஸ். விபத்து என்று வந்தால் முதலில் பார்ப்பது அந்த நம்பரைத்தான். எதிரே வந்தவருக்கு நஷ்டஈடு உங்கள் தோட்டத்தை விற்றுக் கொடுக்கும்படி ஆகலாம்.

ஏற்கெனவே இன்ஜின் மாற்றிய பழைய காரை விலைக்குப் பார்ப்பவர்களும் இதையே செய்யுங்கள். பானெட்டைத் திறந்து இன்ஜின் நம்பரை ஆர்.சி. புக்கோடு ஒத்துப்பாருங்கள். ஒத்துவராவிட்டால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள்.

அப்பாவின் வண்டி என்ற பாசம் எனக்குப் புரிகிறது. அந்தப் பாசத்துக்கு ரேடியேட்டரும் ஹோஸும் எர்த் வயரும் செய்து, கல்யாணம், கோவில், கொடை என்று நல்ல நாளுக்கு எடுங்கள். தேங்காயும் உரமூட்டையும் ஏற்ற அந்த வண்டி வேண்டாம். வாடகைக்கு ஒரு சின்ன யானை கூப்பிட்டால் வந்துவிடும். மீதிப் பணத்தைக் கிணற்றுக்கே போடுங்கள். கோடையில் ஊற்று குறைந்திருக்கும்போதுதான் ஆழப்படுத்த வசதி. ஆடி மாதத்துக்குள் முடித்துவிடுங்கள்.